அந்தோணியார் கிச்சிலி

மதலேனம்மாள் சாமியிடமும் பேரம் பேசக்கூடியவள் என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. கத்தரிக்காய்க்காரியிடம் கொசுறு வாங்கி, அந்தக் கொசுறுக்கும் ஒரு கொசுறு கேட்பாள் என்பார்கள். பொல்லாதவள் இல்லை. பசியென்று வாசலில் நின்றவரை அவள் வெறுங்கையோடு அனுப்பினதாக யாரும் சொன்னது கிடையாது. கை கொஞ்சம் இறுக்கம், அவ்வளவுதான். மேட்டுக்காட்டில் பிறந்து மேட்டுக்காட்டிலேயே வாழ்க்கைப்பட்டவளுக்குக் கை இறுகாமல் என்ன செய்யும்? அங்கே வானமே கை இறுக்கம்.

அவள் புருஷன் மரியசூசை அதற்கு நேர் எதிர். வாய் நிறையப் பேச்சு, வயிறு நிறையச் சாப்பாடு. அதிலும் புளிப்பென்றால் உயிரை விடுவான். களிக்குப் புளிச்சாறு, கூழுக்கு நாரத்தை ஊறுகாய், ஒன்றும் இல்லாவிட்டால் புளியம்பிஞ்சும் உப்பும். வீட்டுக்குப் பின்னால், கிணற்று வாய்க்கால் ஓரத்தில், அவனுடைய அப்பா ஏற்காட்டுத் தோட்ட வேலைக்குப் போயிருந்தபோது கொண்டுவந்து நட்ட கிச்சிலி மரம் ஒன்று நின்றது. தோல் தளர்ந்த ஆரஞ்சுப் பழம். பாதி இனிப்பு, பாதி புளிப்பு. மார்கழி பிறந்தால் மரத்தில் இலை எது, பழம் எது என்று தெரியாது. பொம்மிடிச் சந்தைக்குக் கூடை கூடையாக அனுப்பிவிட வேண்டும் என்பது அவள் கட்சி. மரத்தடியில் நின்றபடியே தின்றுவிட வேண்டும் என்பது அவன் கட்சி. கல்யாணமான நாளிலிருந்து இந்த வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு ஒரே மகள், புஷ்பமேரி. அவளைத் தங்கவயலில் சுரங்க வேலைக்காரனுக்குக் கட்டிக்கொடுத்த பிறகு, வழக்கைத் தீர்த்துவைக்கவும் வீட்டில் ஆள் இல்லை.

ஜப்பான்காரன் சண்டை நடந்த வருஷம் அது. மண்ணெண்ணெயும் சீனியும் கண்ணில் படவில்லை. மழையும் அவற்றோடு சேர்ந்துகொண்டது. புரட்டாசியில் கேழ்வரகுப் பயிர் வாடித் தலை சாய்ந்தபோது, மரியசூசை விடியற்காலையிலேயே கவலை பூட்டினான். கவலை என்றால், சால் என்கிற பெரிய தோல் பையைக் கிணற்றுக்குள் விட்டு, அதன் வடக்கயிற்றை இரண்டு மாடுகள் சரிவில் இறங்கி இழுக்க, தண்ணீர் மேலே வந்து வாய்க்காலில் கொட்டும். மாடுகள் இறங்கும்போது ஓட்டுகிறவன் வடத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வான். அவனுடைய எடையும் சேர்ந்தால் மாட்டுக்குப் பாரம் குறையும்.

வடம் பழையது. ஆடியிலேயே மரியசூசை அதைத் தூக்கிக் காட்டி, மாற்றிவிடலாம் என்றான். மதலேனம்மாள் அதை இழுத்துப் பார்த்துவிட்டு, இந்த ஒரு வெள்ளாமைக்குத் தாங்கும் என்றாள்.

தாங்கவில்லை. அவன் உட்கார்ந்து பாதிச் சரிவு இறங்கியபோது அறுந்தது. அவன் மாடுகளின் காலடியில் போய் விழுந்தான். மிரண்ட செவலை மாடு பின்னுக்கு வந்து அவன் முழங்காலுக்குக் கீழே மிதித்தது. சத்தம் கேட்டு ஓடி வந்தவள் முதலில் பார்த்தது மாடுகளை. இரண்டும் ஒரு கீறல் இல்லாமல் நின்றன. அப்புறம்தான் புருஷனுடைய காலைப் பார்த்தாள். அது திரும்பக்கூடாத பக்கம் திரும்பிக் கிடந்தது.

நல்லம்பள்ளிப் பக்கத்திலிருந்து கட்டுப் போடுகிற பச்சியப்பனை வண்டி வைத்துக் கூட்டிவந்தார்கள். நிதானமான மனுஷன். ஒடிந்த இடத்தை விரலாலேயே தடவிப் பார்த்து, மரியசூசையிடம் வெள்ளாமையைப் பற்றி ஏதோ கேட்டு, அவன் பதில் சொல்ல வாய் திறந்த சமயத்தில் இழுத்து நேராக்கிவிட்டான். உளுத்தம்மாவும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்துத் துணியில் தடவிச் சுற்றி, மூங்கில் தப்பை வைத்துக் கட்டினான். கிளம்பும்போது, புளி சேர்க்க வேண்டாம், புளிப்பு கட்டைத் தளர்த்திவிடும் என்று சொன்னான்.

வைத்தியர் ஒன்று சொன்னால் மதலேனம்மாள் நாலு சேர்த்துக்கொள்கிற ரகம். புளி ஆகாதென்றால் எலுமிச்சை ஆகாது. எலுமிச்சை ஆகாதென்றால் தக்காளி ஆகாது, மோர் ஆகாது. கீரை குளிர்ச்சி, அதுவும் வேண்டாம். கூழை முதல் நாள் கரைத்துவைத்துப் புளிக்கவிடுவது ஊர் வழக்கம். அதையும் விட்டாள். அன்றன்று காய்ச்சிச் சப்பென்று கொடுத்தாள். கூரைமேல் கழுநீரில் பிழைத்துக்கிடந்த சுரைக்கொடி ஒன்றுதான் மிச்சம். ஆகவே தினமும் சுரைக்காய். மிளகு போட்ட சுரைக்காய், பருப்பு போட்ட சுரைக்காய், ஒன்றும் போடாத சுரைக்காய்.

புளிப்பு எலும்பை உருக்கிவிடும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எலுமிச்சம்பழச் சாற்றில் முட்டையைப் போட்டால் ஓடு கரைகிறதா இல்லையா என்று கேட்பார்கள். கரைகிறதுதான். அப்புறம் யார் மறுத்துப் பேசுவது?

அந்த மாதப் பூசைக்குச் சாமியார் வந்தபோதுதான் நேர்ச்சை விவகாரம் நடந்தது. எங்கள் ஊர்க் கோயில் சின்னது. மாதம் ஒரு தடவைதான் சாமியார் வண்டி கட்டி வருவார். வனத்து அந்தோணியார் பேரில் உள்ள கோயில் அது. காட்டுக்குள் தவமிருந்து, கால்நடைகளைக் காத்த புனிதர், எங்கள் பேச்சில் அர்ச்சியசிஷ்டர். தை மாதம் அவருக்குத் திருநாள், அன்றைக்கு ஊர் மாடெல்லாம் மந்திரித்த தண்ணீருக்கு வந்து நிற்கும்.

பூசை முடிந்ததும் லூர்துமேரி எழுந்து, கொழுந்தனாருக்குக் கால் கூடினால் திருநாளுக்கு ஒரு கிடா கொடுப்பதாக எல்லோரும் கேட்கச் சொன்னாள். மரியசூசையின் அண்ணன் பெண்டாட்டி அவள். பக்கத்து வீடு. இரண்டு பெண்களும் ஒருத்திக்கு ஒருத்தி உதவாத நாளில்லை, ஒருத்தியை ஒருத்தி அளக்காத நாளும் இல்லை. ஓரகத்தி கிடா நேர்ந்துகொண்ட பிறகு, கட்டின பெண்டாட்டி சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? மதலேனம்மாளும் எழுந்தாள்.

"எங்க கிச்சிலி மரத்த அந்தோணியாருக்கே வுட்டுட்டன். இந்த வருசம் காய்க்கறது பூரா அவருது. எங்க வூட்ல ஒரு சொளகூட வாயில வெக்க மாட்டோம். மாட்டக் காத்த மாதிரி மனுசனையும் காத்துக் குடுக்கட்டும்."

கோயிலில் ஒரு முனகல் எழுந்தது. முழு மரம்! சாமியாரே தலையசைத்தார். லூர்துமேரியின் கிடா அந்த நிமிஷத்தில் ஆட்டுக்குட்டியாகச் சிறுத்துவிட்டது.

வீட்டில் கட்டிலில் கிடந்த மரியசூசைக்கு விஷயம் போய்ச் சேர்ந்ததும் நன்றாகச் சிரித்தான். எனக்குத்தான் புளிப்பு ஆகாதென்று ஆகிவிட்டது, எப்படியும் தின்ன முடியாத பழத்தைச் சாமி தலையில் கட்டிவிட்டாயே என்று பெண்டாட்டியைக் கேலி செய்தான். அவளுக்குக் கோபம் வந்தது, ஏனென்றால் அது கொஞ்சம் உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை. அந்த அறுந்த வடம் அவள் கண்ணைவிட்டுப் போகவேயில்லை. ராத்திரி படுத்தால் அது அறுகிற சத்தம் கேட்கும். தன்னால் ஒடிந்த காலுக்குத் தன்னிடம் இருப்பதில் நல்லதைக் கொடுக்க வேண்டும் என்றுதான் அவள் எழுந்தாள். எழுந்தபோது, இதில் நஷ்டம் கம்மி என்பதும் மனசுக்குத் தெரிந்திருந்தது. இரண்டும் சேர்ந்ததுதான் மதலேனம்மாள்.

ஐப்பசி போயிற்று. கார்த்திகையும் பாதி போயிற்று. பச்சியப்பன் வந்து வந்து கட்டை மாற்றினான். ஒவ்வொரு தடவையும் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இருண்டது. இந்நேரம் எலும்பு கூடி முடிச்சுப் போட்டிருக்க வேண்டும். விரலை வைத்து அழுத்தினால் இன்னும் நெகிழ்ந்தது. தன் கையிலேயே அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இப்படி ஒரு கால் தனக்கு வாய்த்ததில்லை என்றான்.

காலோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. மரியசூசைக்கு ஈறு வீங்கி, களியை மென்றால் ரத்தம் வந்தது. தோலெல்லாம் செம்புள்ளி. சின்ன வயதில் அரிவாள் பட்டு ஆறிப்போன கைத்தழும்பு திரும்பச் சிவந்து வாய் திறக்கப் பார்த்தது. எல்லாவற்றையும்விட, அவன் பேச்சு குறைந்துவிட்டது. அதுதான் மதலேனம்மாளைப் பயமுறுத்தியது. கத்தி அழுகிற நோயாளியைப் பார்த்துக்கொள்ளலாம். பேசாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிற மரியசூசையை அவளுக்குப் பழக்கமில்லை.

கவலையை அவன் அண்ணன் முறை வைத்து ஓட்டிக்கொடுத்தான். எத்தனை நாளைக்கு? வெங்கடாசலம் என்று ஒரு மாட்டுத் தரகன், விசாரிக்க வந்தவன்போல் வந்து செவலையின் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனான். தங்கவயலிலிருந்து புஷ்பமேரி சொல்லி அனுப்பினாள். கால் சரியாகாவிட்டால் மாட்டை விற்று, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, இரண்டு பேரும் தன்னோடு வந்துவிட வேண்டுமாம். நல்ல மகள், மனசார அழைத்தாள். மரியசூசை அதைக் கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"மருமவன் வூட்டுச் சோத்துக்கு மொடவனா போவணுமா மதலேன்?" என்று கேட்டான். அவள் அடுப்படிக்குப் போய் அழுதாள்.

அந்த மாதம் சாமியாரோடு வண்டியில் மடத்துச் சிஸ்டர் ஒருத்தி மருந்துப் பெட்டியோடு வந்தாள். பூசைக்குப் பிறகு வீடு வீடாகப் போனவள் மரியசூசை வீட்டுக்கும் வந்தாள். காலைப் பார்த்தாள், கட்டு நன்றாகத்தான் இருக்கிறதென்றாள். அப்புறம் வாயைத் திறக்கச் சொன்னாள். ஈறுகளைப் பார்த்தவள், தழும்பைப் பார்த்தவள், என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டாள். மரியசூசை ஒரே வார்த்தையில் சொன்னான். "சொரக்கா."

சிஸ்டர் வெளியூர்க்காரி. ஆனால் புரியும்படி பேசினாள். எலும்பு வெறும் சுண்ணாம்பு இல்லை, சுண்ணாம்பைப் பிடித்துவைக்க உள்ளே ஒரு பசை வேண்டும், அந்தப் பசை ஊறுவதற்குக் கிச்சிலி, எலுமிச்சை, நெல்லிக்காய் மாதிரிப் புளித்த பழத்தில் உள்ள சத்து வேண்டும் என்றாள். அது இல்லாமல் போனால் எலும்பும் ஒட்டாது, ஈறும் பல்லைப் பிடிக்காது, ஆறின புண்ணும் திறந்துகொள்ளும். முட்டை ஓடு கரைகிற கதையை மதலேனம்மாள் சொன்னதற்கு, நாம் காலைச் சாற்றில் ஊறப் போடப்போவதில்லையே, வயிற்றுக்குத்தானே கொடுக்கிறோம் என்று சிரித்தாள். பின்வாசல் வழியாக வெளியே பார்த்தாள். மரம் நிறையக் கிச்சிலி மஞ்சளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

"மருந்த வாசல்லயே வச்சிருக்கீங்களே. தெனமும் குடுங்க. பழுத்தத மட்டும் குடுத்தாப் போதும்."

நேர்ச்சை அவளுக்குத் தெரியாது. தெரிந்த லூர்துமேரி கூடவே நின்றுகொண்டிருந்தாள். அவள் மதலேனம்மாள் முகத்தைப் பார்த்தாள்.

மதலேனம்மாள் சாமியார் வண்டி வரைக்கும் ஓடினாள். நேர்ச்சையிலிருந்து விடுவிக்கும்படி கேட்கத்தான் போனாள். வண்டியைச் சுற்றி ஊரே நின்றது. கோயிலில் எழுந்து நின்று முழு மரத்தையும் கொடுத்தவள், அதே ஊர் முன்னால் திருப்பிக் கேட்பதா? கொடுத்ததைப் பிடுங்கினால் மாடுகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? வாய் வரைக்கும் வந்தது. "மாட்டுக்காவ வேண்டிக்கங்க சாமி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள். மார்கழியில் பண்டிகைப் பூசை பெரிய கோயிலில். இனிச் சாமியார் வருவது தைத் திருநாளுக்குத்தான்.

இரண்டு நாள் கழித்துக் கட்டு மாற்ற வந்த பச்சியப்பனிடம் சிஸ்டர் சொன்னதைச் சொன்னாள். அவன் கோபப்படவில்லை. யோசித்தான்.

"புளி வேணான்னு சொன்னது மொதக் கட்டு அவுக்கற வரைக்கும் தாயி. எங்கப்பன் சொன்னான், நா சொன்னன். கீரைய நா எப்ப வேணான்னன்? மோர வேணான்னனா?"

மதலேனம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்கே வேலியோரக் கீரையைத் தேடினாள். காய்ந்துகிடந்த வருஷம், ஒரு பிடிகூடத் தேறவில்லை. நெல்லிக்காயும் எலுமிச்சையும் கிடைக்குமா என்று பொம்மிடிச் சந்தைக்குப் போய் வந்தாள். மலையிலிருந்து ஆள் இறங்கவில்லை என்றார்கள். வீட்டுக்குத் திரும்பினால், கையெட்டும் தூரத்தில் மரம் குலுங்கிக்கொண்டு நின்றது.

இனி நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இருவருமே திருடினார்கள்.

முதலில் தொடங்கியது மரியசூசை. பகலில் காற்றாட இருக்கட்டுமென்று அவன் கட்டிலை அண்ணனும் மதலேனம்மாளும் தூக்கிக் கிச்சிலி மரத்தடியில் போடுவார்கள். அப்புறம் அவள் காட்டு வேலைக்குப் போய்விடுவாள். சிஸ்டர் வந்துபோன மறுநாள், கட்டில் பக்கத்தில் ஒரு பழம் தானாக விழுந்தது. அவன் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். மரம்தானே சாமிக்கு, தரையில் கிடப்பது யாருக்கு? வேதத்தில் அதற்கு ஒரு விதியும் இல்லை. எடுத்துத் தின்றான். ஈறு எரிந்தது, கண்ணில் நீர் வந்தது, பிறந்ததிலிருந்து அப்படி ஒரு பழம் தின்றதில்லை என்று தோன்றியது. அப்புறம் பழங்கள் அடிக்கடி விழ ஆரம்பித்தன. கட்டிலில் சாத்தியிருந்த ஊன்றுகோல் கிளை வரைக்கும் எட்டும் என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். தோல் கண்ணில் பட்டால் மாட்டிக்கொள்வோம் என்று, பக்கத்திலேயே கட்டியிருந்த செவலையின் தீனிக்குள் தோலைச் செருகிவிடுவான். செவலை முதலில் மூக்கைச் சுளித்தது, அப்புறம் பழகிக்கொண்டது. புருஷனும் மாடும் கூட்டுக் களவாணிகள் ஆனார்கள்.

மதலேனம்மாள் தொடங்கியது நாலைந்து நாள் கழித்து. காலையில் மரத்தைப் பார்க்கப் போனவள் குருவி கொத்தின பழம் ஒன்றைக் கண்டாள். எச்சில் பழத்தைச் சாமிக்கு வைக்க முடியாது. எறிவதும் பாவம். பறித்து, யாரும் பார்க்காமல் அடுப்படிக்குக் கொண்டுபோய், பிழிந்து, அவன் கூழில் கலந்துவிட்டாள். அவனிடம் சொல்லவில்லை. நேர்ச்சையை உடைத்த பாவம் ஒருத்தியோடு போகட்டும், நோயாளி தலையில் எதற்கு? அவன் ஒரு வாய் குடித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். மிச்சத்தை மடமடவென்று குடித்தான். மறுநாளும் குருவி கொத்தியிருந்தது. அதற்கடுத்த நாள் கொத்தவில்லை. மதலேனம்மாள் சுற்றும் முற்றும் பார்த்தாள். ஒரு நல்ல பழத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினாள். குருவி கொத்தின மாதிரியே இருந்தது. அந்த வருஷம் எங்கள் ஊர்க் குருவிகள்மேல் விழுந்த பழிக்கு அளவில்லை.

ஆனால் மரத்தில் பழம் அவள் எடுத்ததைவிட வேகமாகக் குறைந்தது. தான் ஒரு பங்கு எடுத்தால் இன்னொரு பங்கு எங்கே போகிறது? தன் திருட்டை வைத்துக்கொண்டு ஊரார்மேல் சந்தேகப்பட அவளுக்குக் கூச்சமாகவும் இருந்தது, சந்தேகப்படாமலும் இருக்க முடியவில்லை. ஒருநாள் லூர்துமேரியின் ஆடுகளைச் சாடையாகப் பேசினாள். ஆடு மரமேறிக் கிச்சிலி தின்னுமா என்று லூர்துமேரி திருப்பிக் கேட்டாள். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

அந்தச் சமயத்தில்தான் செவலை தீனியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. வயிறு உப்பி, தலையைத் தொங்கப் போட்டு நின்றது. மதலேனம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். அந்தோணியார் கணக்கைத் தீர்க்க வந்துவிட்டார். அவருடைய பழத்தைத் தொட்டேன், அவர் என் மாட்டைத் தொடுகிறார். அன்றைக்குக் கூழில் சாறு விடவில்லை. மரியசூசை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, மிச்சத்தோடு கிண்ணத்தைக் கீழே வைத்தான். மாட்டைக் காப்பாற்ற மனுஷனை விடுவதா, மனுஷனைக் காப்பாற்ற மாட்டை விடுவதா? மாடு போனால் பிழைப்பு போயிற்று. மனுஷன் போனால் பிழைப்பு எதற்கு?

முதலில் மாட்டுக்கு மருந்து கொடுப்போம் என்று வெற்றிலையில் மிளகும் உப்பும் ஓமமும் இடித்து உருண்டை பிடித்துக்கொண்டு போனாள். மரியசூசை அன்றைக்கு வீட்டுக்குள் பாயில் படுத்திருந்தான், கட்டில் மரத்தடியிலேயே கிடந்தது. செவலையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, தாடையை அமுக்கி, வாயைத் திறந்தாள். உள்ளிருந்து குப்பென்று கிச்சிலி வாசனை அடித்தது.

அவள் திரும்ப முகர்ந்தாள். சந்தேகமே இல்லை. கடைவாய்ப் பல்லிடுக்கில் மஞ்சளாக ஒரு துண்டுத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டிலைப் பார்த்தாள். கட்டிலில் சாத்தியிருந்த ஊன்றுகோலைப் பார்த்தாள். அதன் நுனியில் கிச்சிலி இலை ஒன்று ஒட்டிக் காய்ந்திருந்தது. தீனித் தொட்டியை அடிவரைக்கும் கிளறினாள். தின்னாமல் ஒதுக்கின தோல் ஒரு கூடை தேறும்.

மதலேனம்மாள் மாட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சாமி கோபிக்கவில்லை, மாட்டுக்குத் தோல் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அவள் தோலையெல்லாம் அள்ளிக் குழியில் புதைத்தாள், செவலைக்கு உருண்டையைக் கொடுத்தாள், உள்ளே போய்ப் புருஷனைப் பார்த்தாள். அவன் அசையாமல் தூங்குகிறவன்போல் கிடந்தான். முகத்தில் பழைய நிறம் திரும்பியிருந்தது. இத்தனை நாள் தினமும் பார்த்த முகம், அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. கேட்டால் அவன் நிறுத்திவிடுவான். ஆகவே கேட்கவில்லை. மறுநாள் கூழில் இரண்டு பழம் பிழிந்தாள்.

மார்கழி முடிவதற்குள் ஈறு இறுகியது. தழும்பு மூடிக்கொண்டது. பேச்சு முதலில் வந்தது, அப்புறம்தான் பலம். குளிரைத் திட்டினான், ஜப்பான்காரனைத் திட்டினான், சுரைக்காயைத் தினமும் திட்டினான். கட்டைப் பிரித்த பச்சியப்பன், எலும்பை நுனியிலிருந்து அடிவரைக்கும் விரலால் தட்டிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்தி, மரியசூசையின் விரலைப் பிடித்து அங்கே வைத்தான். கல்போல ஒரு முடிச்சு.

"கூடிருச்சுங்க. எந்திரிச்சு நில்லுங்க."

நின்றான். மதலேனம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டாள். பச்சியப்பன் தன் கட்டுதான் என்று சொல்லிக்கொண்டான், அதில் பொய்யில்லை. லூர்துமேரி தன் கிடாதான் என்றாள். சிஸ்டர் இருந்திருந்தால் கிச்சிலி என்றிருப்பாள். யார் பேரில் எழுதினால் என்ன, கால் மரியசூசையுடையது.

தைத் திருநாள் வந்தது. மதலேனம்மாள் மரத்தில் மிச்சமிருந்ததையெல்லாம் பறித்தாள். ஒரு கூடைகூட நிறையவில்லை. அடியில் மாவிலையைப் பரப்பி மேலே அடுக்கிப் பார்த்தாள். அப்போதும் கூடை தன் வறுமையைக் காட்டியது.

பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்கு, சாமியாரிடம் தன் பாவத்தைச் சொல்லப் போனாள். உள்ளே என்ன சொன்னாளோ, அது அவளுக்கும் சாமியாருக்கும் சர்வேசுரனுக்கும் தெரியும். வெளியே வரும்போது முகம் தெளிந்திருந்தது. இரண்டு பேருக்குப் பின்னால் மரியசூசை போனான். அவன் பேசிக்கொண்டிருந்தபோது சாமியாருக்குத் திடீரென்று பலமான இருமல் வந்ததாக வரிசையில் நின்றவர்கள் சொன்னார்கள்.

பூசை முடிந்து மாடுகள் கோயில் முன்னால் வரிசையாக நின்றன. மரியசூசை ஊன்றுகோல் இல்லாமல் இரண்டு மாடுகளையும் தானே பிடித்துக்கொண்டு நடந்து வந்தான். கொஞ்சம் விந்தினான். ஊர் கூடையைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தது. கூடையைப் பார்த்தவள் லூர்துமேரி ஒருத்தி. முழு மரம் இத்தனைதானா என்று மெல்லக் கேட்டாள். குருவி, என்றாள் மதலேனம்மாள்.

சாமியார் மந்திரித்த தண்ணீரைத் தெளித்துக்கொண்டே வந்து செவலையின் முன்னால் நின்றார். மதலேனம்மாள் கூடையை அவர் காலடியில் வைக்கக் குனிந்தாள். செவலை காதை விறைத்தது, மூக்கை நீட்டியது. யாரும் பிடிப்பதற்கு முன்னால் கழுத்தை வளைத்துக் கூடையில் மேலாக இருந்த நல்ல பழத்தைக் கவ்வி, தோலோடு மென்று விழுங்கிவிட்டு, அடுத்ததற்கு நாக்கை நீட்டியது.

கிச்சிலி தின்கிற மாட்டை எங்கள் ஊர் அதற்குமுன் பார்த்ததில்லை. "இதுக்கு யாரு பழக்குனது?" என்று லூர்துமேரி கேட்டாள். மரியசூசை கோயில் கோபுரத்தின் சிலுவையை அப்போதுதான் முதல்தடவை பார்க்கிறவன்போல் அண்ணாந்து பார்த்தான். மதலேனம்மாள் அவனைப் பார்த்தாள். அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அவளோடு சாமியாரும் சிரித்தார்.

"அந்தோணியாருக்கு நேந்தது அந்தோணியார் மாட்டு வாய்க்கே போயிருச்சு. நேர்ச்சை செல்லும்மா, போ" என்றார்.

கிடாக்கறிச் சாப்பாடு முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது வெயில் இறங்கிவிட்டது. மாடுகள் முன்னே போயின. மரியசூசை அவளுக்குப் பக்கமாக வந்து நடந்தான். அப்புறம் கேட்டான்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"செவலைக்கு வாயில மருந்து வெச்ச அன்னைக்கு."

"தெரிஞ்சுமா சும்மா இருந்த? சாமி பழமாச்சே."

"நா மட்டும் என்ன ஒழுங்கு. காத்தால குடிச்ச கூழு எதுல புளிச்சுதுன்னு நெனச்சீங்க?"

அவன் நின்றுவிட்டான். "கூழுன்னா புளிக்கத்தான செய்யும்."

"ரெண்டு மாசமா புளிக்காத கூழு, ஒரு நாளு காத்தால எந்திரிச்சு தானா புளிக்குமா?"

மரியசூசைக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. கூடின கால் வலித்ததால் வரப்பில் உட்கார்ந்து சிரித்தான். மதலேனம்மாளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் சிரிக்கவில்லை. புது வடம் ஒன்று சொல்லிவைத்திருப்பதாகச் சொன்னாள். ஆடியிலேயே அதைச் செய்திருக்க வேண்டும் என்றாள். அத்தனை நாளாக நெஞ்சில் கிடந்ததை அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னாள்.

"எங் கைப்பிடித்தனந்தான் உங்க கால ஒடச்சுது."

"ஒடச்சது செவலை. ஒட்டவெச்சது நீ" என்றான் அவன். "வுடு, எந்திரி. நாளைக்குக் கவலை பூட்டணும்."

கையைப் பிடித்து அவளை எழுப்பினான். கொஞ்ச தூரம் நடந்ததும் வீட்டுக் கூரை தெரிந்தது. கூரைமேல் சுரைக்கொடி படர்ந்து, பிஞ்சும் காயுமாகத் தொங்கியது. மரியசூசை அதைப் பார்த்து நின்றான்.

"அடுத்த வருசம் ஏதாச்சும் நேந்துக்கறதா இருந்தா அந்தச் சொரக்கொடிய நேந்துக்க. அந்தோணியாருக்கு ஒண்ணுகூடக் கொறையாம போய்ச் சேரும்."

மதலேனம்மாள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். செவலை அதற்குள் பாதையை விட்டு விலகி, கிச்சிலி மரத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது.